தனியாகத் தரக்கூடாத மருந்து

சுங்கை பூலோ என்றால் இன்று நம்மில் பலருக்குப் பூச்செடிக் கடைகள்தான் நினைவுக்கு வரும். அந்த நர்சரிகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் தொழுநோய்க் குடியிருப்பில் சிகிச்சை பெற்று, வெளியே போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள். இதையெல்லாம் எழுதிவிட்டார்கள். கட்டாயத் தனிமை, பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள், குடியிருப்புக்குள் மட்டும் செல்லுபடியான பணத்தாள் என்று நான் வாசித்த கட்டுரைகள் ஒரே தடத்தில்தான் போகின்றன. அவற்றில் பொய் இல்லை. ஆனால் வாசித்து முடிக்கும்போது அந்த மனிதர்கள் நம் இரக்கத்துக்கு உரியவர்களாக மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களிடம் உலகம் பட்டிருக்கும் கடன் ஒன்று உண்டு. அது எங்கும் பேசப்படுவதில்லை.

அந்தக் கடனைச் சொல்ல ஒரு மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும். ரிஃபாம்பிசின். செங்கல் நிறம். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் இன்றைக்கும் முதுகெலும்பாக இருக்கும் மருந்து. இதைக் கையாள்வதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது: இந்த நோய்களுக்குச் சிகிச்சையாக இதைத் தனியாகக் கொடுக்கக்கூடாது. கூட இன்னொரு மருந்தாவது இருக்க வேண்டும். ஒரு வரி விதிதான். அது தொழுநோய் மருத்துவத்துக்குள் வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த முப்பது ஆண்டுகளின் முக்கியமான அத்தியாயங்கள் சுங்கை பூலோவில் நடந்தவை.

காசநோயும் தொழுநோயும் பங்காளிகள். இரண்டுக்கும் காரணம் மைக்கோபாக்டீரியா என்ற ஒரே குடும்பத்துக் கிருமிகள். மெழுகு போன்ற தடித்த தோல், மெதுவான வளர்ச்சி, உடலுக்குள் வருடக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும் பொறுமை. இதில் காசநோய்தான் முதலில் பாடம் கற்பித்தது. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1948இல் முடிவை வெளியிட்டது. முதல் சில மாதங்களில் நோயாளிகள் தேறினார்கள். பிறகு பலருக்கு நோய் திரும்பியது, இந்தத் தடவை அதே மருந்துக்கு அசையாத கிருமிகளோடு. பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அப்படி ஆவது வெகுவாகக் குறையும் என்று 1950க்குள் தெரிந்துவிட்டது. காசநோய் மருத்துவர்களுக்கு அன்றிலிருந்து ஒற்றை மருந்து என்பது பாவம்.

பக்கத்து வீட்டுப் பங்காளிக்கு மட்டும் அந்தச் செய்தி போகவில்லை.

சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் டிராவர்ஸ். கோலாலம்பூரில் தொழுநோயாளிகளை அடைத்து வைத்திருந்த இடத்தின் நிலைமையைப் பார்த்தவர். தோட்டநகரம் போல ஒரு குடியிருப்பு வேண்டும் என்று வாதாடியவர். அவர் நம்பிய மருந்து சீனர்களின் 'தாய் ஃபூங் சீ' விதை. நம் சித்த வைத்தியத்தில் நீரடிமுத்து என்று சொல்கிறோமே, அதன் உறவுக்காரச் செடிகளின் எண்ணெயைத்தான் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஊசியாகப் போட்டார்கள். வலியும் சீழும் நிச்சயம், குணம் நிச்சயமில்லை.

பிறகு சல்ஃபோன் மருந்துகள் வந்தன. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜெட் ப்ரோமின் ஊசியைக் கொடுத்துப் பார்த்தார், புண்கள் ஆறின. அந்த ஊசி மருந்தின் தாய்ப்பொருள்தான் டாப்சோன். 1908லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு, எதற்கென்று தெரியாமல் கிடந்தது. விலை மிக மலிவு. அதை நேரடியாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் ராபர்ட் காக்ரேன். இடம், சென்னைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் செங்கல்பட்டு. காலம் 1940களின் நடுப்பகுதி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 'ரத்தக்கண்ணீர்' படம் 1954இல் வந்தது. எம்.ஆர். ராதாவின் நடிப்பில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் பெண்பித்துக்குக் கிடைத்த தண்டனையாக, அழுகிச் சாவதைத் தவிர வேறு வழியில்லாத நோயாகத் தொழுநோய் அந்தத் திரையில் நிற்கும்போது, மருந்து கொடுத்து அந்த நோயைக் குணப்படுத்தும் காலம் தொடங்கி ஏழெட்டு வருடமாகிவிட்டது, அதுவும் படம் எடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே. நம் தோட்டங்களில் 'பெருவியாதி' என்ற சொல்லைக் குரல் தாழ்த்திச் சொன்னவர்களுக்கு ராதாவின் முகம் தெரிந்திருந்தது, டாப்சோனின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

சரி, டாப்சோனுக்கு வருவோம். 1950களில் அது உலகம் முழுக்கப் பரவியது. ஒரு நோயாளிக்கு ஒரு மாத்திரை, வருடக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும். தனியாகத்தான் கொடுத்தார்கள். காசநோய் வார்டில் இருந்த மருத்துவர் பார்த்திருந்தால் பதறியிருப்பார். தொழுநோய் மருத்துவர்கள் ஏன் பதறவில்லை?

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் இன்றுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்ணாடித் தட்டில் அதை வளர்க்க முடிந்ததில்லை. ஒரு கிருமி இரண்டாகப் பிரிய பன்னிரண்டு பதினான்கு நாள் எடுக்கும் சோம்பேறி அது. காசநோயில் மருந்து தோற்றால் சில மாதங்களில் தெரிந்துவிடும். தொழுநோயில் தெரிய ஐந்து வருடமாகலாம், இருபது வருடமும் ஆகலாம். வளர்த்துப் பார்க்க முடியாத கிருமிக்கு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? நோய் திரும்பி வந்தவரைப் பார்த்து, 'நீ ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டாய்' என்று சொல்வது சுலபமாக இருந்தது. பழி நோயாளி தலையில். மருந்தின் மேல் சந்தேகம் எழ வாய்ப்பே இல்லாத ஏற்பாடு.

1960இல் அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். எலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமி கொஞ்சம் வளரும். உடலின் மற்ற இடங்களைவிடப் பாதம் குளிர்ச்சியானது என்பதுதான் அதன் சூட்சுமம். கிருமியைப் பாதத்தில் செலுத்தி, எலிக்குத் தீனியோடு டாப்சோனைக் கலந்து கொடுத்து, கிருமி பெருகுகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்கலாம்.

சுங்கை பூலோவில் அப்போது ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. டாப்சோன் சாப்பிட்டுக்கொண்டே நோய் திரும்பிய நோயாளிகளை டாக்டர் பெட்டிட் கவனித்தார். அவர்களை நம்பினார் என்றுகூடச் சொல்லலாம். கண்காணிப்பில் மருந்து கொடுத்தும் புண்கள் அடங்காதவர்களின் தோலிலிருந்து சிறு துணுக்குகள் எடுக்கப்பட்டன. அவை பனிக்கட்டியில் வைக்கப்பட்டு, லண்டன் மில் ஹில்லில் டாக்டர் ரீஸின் ஆய்வுக்கூடத்துக்கு விமானத்தில் போயின. அங்கே டாப்சோன் தின்ற எலிகளின் பாதங்களில் அந்தக் கிருமிகள் எந்தக் கவலையும் இல்லாமல் பெருகின. 1964இல் பெட்டிட்டும் ரீஸும் இதை வெளியிட்டார்கள். தொழுநோய்க் கிருமி டாப்சோனை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு உலகின் முதல் நிரூபணம் அது. நோயாளிகள் பொய் சொல்லவில்லை என்பதற்கும் அதுவே நிரூபணம். எனக்கு இரண்டாவதுதான் பெரியதாகப் படுகிறது.

டாப்சோன் தோற்றவர்களுக்கு அங்கேயே வேறு மருந்துகள் சோதிக்கப்பட்டன. ஒன்று க்ளோஃபாசிமின், டப்ளினில் காசநோய்க்காகத் தயாராகி, தொழுநோய்க்குக் கைகொடுத்த மருந்து. நன்றாக வேலை செய்தது. ஆனால் தோலைச் செம்பழுப்பாகவும் கருமையாகவும் மாற்றிவிடும். மருந்தை நிறுத்திய பின் அந்த நிறம் மெல்ல மங்கும். 'அது ஒன்றும் ஆபத்தில்லை' என்று மருத்துவர் சொல்வது சரிதான். ஆனால் நோய் உள்ளவர் என்று முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுகொள்ளும் ஒரு நிறத்தோடு பஸ்ஸில் ஏற வேண்டியவருக்கு அது ஆபத்துதான். பக்கவிளைவு என்று அச்சடித்த சீட்டில் இந்த வகை ஆபத்துக்கு இடமில்லை.

இன்னொன்றுதான் ரிஃபாம்பிசின். 1957இல் மிலானில் லெபெடிட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஃபிரெஞ்சுக் கடற்கரைப் பைன் காட்டிலிருந்து ஒரு பிடி மண் வந்தது. அதில் இருந்த நுண்ணுயிர் சுரந்த பொருளுக்கு, அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற ஃபிரெஞ்சுத் திருட்டுப் படத்தின் பெயரைச் செல்லமாக வைத்தார்கள். அந்தச் செல்லப்பெயர்தான் ரிஃபாமைசின் ஆனது. பியெரோ சென்சியின் குழு அதைப் பல வருடம் மாற்றி மாற்றி, வாயால் விழுங்கக்கூடிய ரிஃபாம்பிசினைச் செய்தது. கிருமி தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை இது பற்றிக்கொண்டு நிறுத்திவிடும்.

1970இல் ரீஸ், பியர்சன், வாட்டர்ஸ் மூவரும் தொழுநோயில் ரிஃபாம்பிசினின் வேகத்தை எழுதினார்கள். நோயாளிகள் சுங்கை பூலோக்காரர்கள். டாப்சோன் கொடுத்தால் கிருமிகள் சாக மாதங்கள் ஆகும். ரிஃபாம்பிசின் கொடுத்த நோயாளிகளின் கிருமிகளோ வெகுவிரைவிலேயே எலியின் பாதத்தில் வளர முடியாதவையாகிவிட்டன. பெரும்பகுதிக் கிருமிகளைக் கொல்ல ஒரே ஒரு வேளை போதும் என்பது பின்னர் தெரிந்தது. அதாவது, முதல் வேளை மருந்து விழுங்கிய சில நாட்களிலேயே அந்த மனிதரால் யாருக்கும் நோய் பரவாது. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்த சட்டங்களை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

இவ்வளவு வலிமையான மருந்து கையில் கிடைத்தால் வரும் ஆசை என்ன? இதை மட்டும் கொடுத்தால் என்ன என்பதுதான். பதில் வர நேரமாகவில்லை. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் தொழுநோய்க் கிருமி 1976இல் கார்வில்லில் பதிவானது. சுங்கை பூலோவிலிருந்து வந்த இன்னொரு செய்தி அதைவிடச் சங்கடமானது. பத்து வருடம் டாப்சோன் சாப்பிட்டு, பார்வைக்குக் குணமாகியிருந்த சிலரின் உடலில் இன்னும் உயிருள்ள கிருமிகள் இருந்தன. அவை மருந்தை எதிர்ப்பவைகூட இல்லை, தூங்குபவை.

உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சிக்கலை ஒரு கணக்காகப் பார்த்தது. கிருமி மிகுந்த நோயாளி ஒருவரிடம் பத்தாயிரம் கோடி உயிருள்ள கிருமிகள் வரை இருக்கலாம். அவற்றில் சுமார் ஒரு கோடிக்கு ஒன்று, மருந்தைப் பார்க்கும் முன்பே, பிறவியிலேயே ரிஃபாம்பிசினுக்கு அசையாதது. வகுத்தால் பத்தாயிரம் கிருமிகள். ரிஃபாம்பிசினை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, இந்தப் பத்தாயிரத்துக்கு ராஜ்யம் கிடைக்கும். டாப்சோனுக்கு அசையாதது பத்து லட்சத்தில் ஒன்று. இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் ஒரு கிருமி பிறக்க வேண்டுமென்றால் பத்து லட்சம் கோடி கிருமிகள் வேண்டும். எந்த உடலிலும் அவ்வளவு இருக்காது. கூட்டு மருந்துச் சிகிச்சையின் மொத்தத் தத்துவமும் இந்தப் பெருக்கல் கணக்குத்தான்.

அப்படி வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் அட்டை. கிருமி மிகுந்த பெரியவருக்கு மாதம் ஒரு முறை சுகாதார ஊழியர் கண்முன்னால் 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசினும் 300 மில்லிகிராம் க்ளோஃபாசிமினும். வீட்டில் தினமும் 100 மில்லிகிராம் டாப்சோன், 50 மில்லிகிராம் க்ளோஃபாசிமின். முதலில் குறைந்தது இரண்டு வருடம் என்றார்கள், பிறகு பன்னிரண்டு மாதமாயிற்று. ரிஃபாம்பிசின் மட்டும் ஏன் மாதம் ஒரு முறை? அன்றைக்கு அது விலை உயர்ந்த மருந்து. மாதம் ஒரு வேளையே கிட்டத்தட்டத் தினசரி மருந்தின் வேலையைச் செய்தது. கண்முன்னால் விழுங்க வைக்கவும் முடிந்தது. ஏழைகளுக்கான மருத்துவத்தில் அறிவியலும் பட்ஜெட்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த அபூர்வமான சமயம் அது.

காசநோயில் கதை வேறு. அங்கே ரிஃபாம்பிசினைத் தினமும் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், பைராசினமைட், எதம்புட்டால் ஆகியவற்றோடு சேர்த்து நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. பதினெட்டு மாதச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது இந்தக் கூட்டணியால்தான். அதை நிறுவிய 1970களின் ஆய்வுகளில் சிங்கப்பூரில் நடந்தவையும் உண்டு.

எங்கள் சின்ன மாமாவுக்கு இந்த ஆறு மாத மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் எனக்குப் போன். "டேய் ஐயா, ஒண்ணுக்கு ரத்தமா போவுதுடா. மருந்த நிறுத்திட்டேன்." கிளினிக் மிஸ்ஸியை அழைத்துப் பேசினோம். அவர் சிரித்துவிட்டார். "ரத்தமில்ல அண்ணே, மருந்தோட கலரு. வேர்வ, கண்ணீருகூட அப்படித்தான் வரும். வரலேன்னாதான் நீங்க சாப்புடலேன்னு அர்த்தம்." நிறமே சாட்சி. 1950களில் சென்னையில் வாலஸ் ஃபாக்ஸின் குழு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட காசநோயாளிகள் உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் போய் நின்று சிறுநீரைச் சோதித்தது. ரிஃபாம்பிசினில் அந்தச் சோதனையைக் கண்ணாலேயே செய்துவிடலாம்.

மூன்றாம் மாதம் மாமாவுக்கு உடம்பு தேறிவிட்டது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இன்னும்?" அதற்கும் மிஸ்ஸிதான் பதில் சொன்னார். "இப்ப நிறுத்துனா ஒங்களுக்கும் நல்லாயிருக்கும், கிருமிக்கும் நல்லாயிருக்கும்." பத்தாயிரம் கிருமிகளின் கணக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நிறம் பயமுறுத்தும், ஆனால் தீங்கில்லை. மென்மையான கான்டாக்ட் லென்ஸில் கறை பிடிக்கும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. ரிஃபாம்பிசின் ஈரலைச் சோதிக்கும் மருந்து. குடிப்பவருக்கும் ஏற்கெனவே ஈரல் கோளாறு உள்ளவருக்கும் கூடுதல் கவனம் வேண்டும். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பசியே அற்றுப்போனாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரின் நிறம் ஏற்கெனவே மாறியிருப்பதால் மஞ்சள் காமாலையைச் சிறுநீரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணைத்தான் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் உடல் நன்றாக உறிஞ்சும்.

இதைவிட நுட்பமான ஒரு குணமும் இதற்கு உண்டு. மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளை இது முடுக்கிவிடும். அதனால் கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகளின் பலம் இறங்கிவிடும். கருத்தடை மாத்திரையை நம்பியிருக்கும் பெண்ணுக்கு அது காலை வாரலாம். வேறு வழியைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர், வலிப்புக்கோ நீரிழிவுக்கோ மாத்திரை போடுபவர் என்று பட்டியல் நீளம். நம் ஆட்கள் கிளினிக்கில் 'வேற மருந்து சாப்புடுறீங்களா' என்று கேட்டால் 'இல்ல' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நான்கு டப்பாவைத் திறப்பார்கள். அந்த நான்கு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போவதே மேல்.

விட்டு விட்டுச் சாப்பிடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. சில நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்கும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி சில சமயம் இந்த மருந்தையே அந்நியனாகப் பார்க்கும். காய்ச்சல், குளிர், உடல்வலி வரலாம். அபூர்வமாக ரத்தத் தட்டணுக்கள் சரியும், சிறுநீரகம் பாதிக்கப்படும். ஆக, இடையில் விட்டுப்போனால் தானாகத் தொடங்காமல் கிளினிக்கைக் கேட்பது நல்லது. டாப்சோனுக்கும் தனி எச்சரிக்கை இருக்கிறது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். மலேசியாவில் குழந்தை பிறந்ததுமே அந்தச் சோதனை செய்வதால் நம்மில் பலருக்கு விடை பிறப்புக் குறிப்பிலேயே இருக்கும்.

சுங்கை பூலோவின் ஆய்வுகளைப் பற்றி எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. நோயாளிகள் வெளியே போக முடியாத இடமாக இருந்ததால்தான் இவ்வளவு கண்காணிப்பான ஆய்வுகள் அங்கே சாத்தியமாயின. சீனர்கள் பெரும்பான்மை, மலாய்க்காரர்களும் தமிழர்களும் இருந்தார்கள். மருத்துவ வழக்கப்படி கட்டுரைகளில் அவர்கள் பெயர் இல்லை. பெட்டிட், ரீஸ், வாட்டர்ஸ் பெயர்கள் இருக்கின்றன. தோலைக் கொடுத்தவர்களின் பெயர் இல்லாததை ஆய்வாளர்களின் குற்றமாக நான் சொல்லவில்லை. அவர்களில் சிலர் தங்கள் நோயாளிகளை நம்பியதால்தான் உண்மை வெளியே வந்தது. ஆனால் 2007இல் அந்தக் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடிக்கப்பட்டபோது, மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இடிபாட்டின் கீழே இருந்த மருத்துவ வரலாற்றை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ரிஃபாம்பிசினின் கதை அதற்குப் பிறகு ஒரு வேடிக்கையான வளைவு எடுத்திருக்கிறது. வங்காளதேசத்தில் தொழுநோயாளிகளின் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், நோய் வருமுன் தடுக்க, ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோய் 57 விழுக்காடு குறைந்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. தனியாகத் தரக்கூடாத மருந்தைத் தனியாகத் தரலாமா? நோயில்லாதவர் உடலில் கிருமிகள் சொற்பம், அவற்றுள் அசையாத ஒன்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பழைய பெருக்கல் கணக்கையே ஆதரவாளர்கள் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு தொழுநோய்க்கு ஒத்துவருகிறது. பயம் பங்காளியைப் பற்றித்தான். அந்த வீட்டில் யாருக்காவது வெளித்தெரியாத காசநோய் இருந்து, தொழுநோய்க்கென்று கொடுத்த அந்த ஒரு வேளை ரிஃபாம்பிசின் அதன்மேல் தனியாகப் போய் விழுந்தால்? அதனால்தான் மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன் சுகாதார ஊழியர் தோலைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. இருமல் இருக்கிறதா, இரவில் வேர்க்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்றும் கேட்கிறார். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது, முதலில் சளிப் பரிசோதனை.